இரண்டு மீட்டர்களும் ஒரு ஃப்ரீசரும்

பழைய மதுரையின் சந்து ஒன்றில் நண்பனின் அப்பாவுக்குக் குளிர்பானக் கடை, மேலே வீடு. அவன் அவரை அத்தா என்பான். ஐஸ்கிரீமை வெளியே வாங்க வேண்டாம், நாமே போடலாம் என்று மல்லுக்கட்டி, அவரைப் பழைய ஃப்ரீசர் ஒன்றை வாங்க வைத்தவன் நண்பன். முதல் வாரமே சிக்கல். இரவில் வெண்ணெயாக வழித்து வைத்த ஐஸ்கிரீம், காலையில் கடை திறக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கும். வாயில் போட்டால் மணல். நறநறவென்று பனித்துகள்.

"பால் காய்ச்சத் தெரியாதவன்லாம் ஐஸு போட்டா இப்படித்தான்" என்றார் அத்தா. மெக்கானிக் மதியம் வந்து பார்த்து, மிஷினில் ஒன்றுமில்லை, கரண்டும் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். வெள்ளிக்கிழமை ஃப்ரீசரை விற்றுவிடுவதென்று அத்தா முடிவு செய்து, வில்லாபுரத்து வியாபாரி ஒருவரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். ஃப்ரீசர் போனால் நண்பனின் ஐஸ்கிரீமும் போச்சு.

உருகி, மறுபடி உறைந்தால்தான் அப்படி நறநறக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் அது நடக்கிறது. அப்படியானால் கண் மூடாமல் பார்க்க ஆள் வேண்டும். என்னிடம் இரண்டு பேர் இருந்தார்கள்: கல்லூரி ஆய்வகம் கழித்துப் போட்டதில் நான் அள்ளிவந்த, மின்சாரத்தையும் வெப்பத்தையும் அளக்கும் மேஜை மல்டிமீட்டர்கள்.

ஒன்று ஃப்ரீசருக்கு வரும் வோல்டேஜைப் பார்க்க. மற்றது உள்ளே இருக்கும் குளிரைப் பார்க்க. இரண்டின் முதுகிலும் கணினிக்கு எண்களை அனுப்பும் சீரியல் போர்ட் உண்டு. கேபிள் செய்து, யூஎஸ்பி மாற்றி போட்டு மடிக்கணினியில் செருகினேன். எண்களை வாங்கி நேரத்தோடு சேமிக்க நான் எழுதிய நிரல் ஓடியது. திரையில் ஒன்றுமே வரவில்லை.

தலையைப் பிய்த்துக்கொண்டபின் தெரிந்தது. மீட்டர் பேசும் கம்பியைக் கணினி பேசும் கம்பியோடு சேர்த்திருக்கிறேன். கேட்கும் கம்பியைக் கேட்கும் கம்பியோடு.

"ரெண்டும் பேசுது, எதுவும் கேக்கல" என்றேன்.

"அப்ப எங்க வீடுதான் மாப்ள" என்றான் நண்பன்.

கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தேன். 231.6. அடுத்த வரி, 231.4. கத்தியே விட்டேன்.

அத்தா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, லாட்டரி விழுந்துருச்சா?"

"மீட்டர் பேசுது மாமா. இருநூத்தி முப்பத்தொண்ணுங்குது."

"அதத்தான மெக்கானிக்கும் சொன்னாரு! இதுக்கா இம்புட்டு வயரு?"

கரண்ட் போனாலும் நிற்காதபடி மீட்டர்களையும் மடிக்கணினியையும் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரின் யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வரைபடத்தைத் திறந்ததும் எனக்குப் புல்லரித்தது. இரவு முழுக்க நேராகப் போன வோல்டேஜ் கோடு, விடியுமுன் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. அதே இடத்தில் ஃப்ரீசரின் வெப்பக்கோடு மேலே ஏறியது. பள்ளம் முடிந்தபின் மெல்ல இறங்கியது.

"இது எத்தன மணி?" என்றார் அத்தா.

"நாலரைல ஆரம்பிக்குது மாமா."

அவர் முகம் மாறியது. நண்பன் சிரிக்கத் தொடங்கிவிட்டான்.

நாலரைக்குத்தான் சந்துக் குழாயில் தண்ணீர் வரும். வந்ததும் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு இழுப்பார்கள். பக்கத்து வீடு முந்திக்கொள்ளக் கூடாதென்று அத்தா, இருப்பதிலேயே பெரிய மோட்டாராக வாங்கி மாட்டியிருந்தார். வீட்டுக்கு வரும் மூன்று மின்கம்பிகளில் அதுவும் ஃப்ரீசரும் ஒரே கம்பியில், ஒரே பேஸில். அது ஓடினால் வோல்டேஜ் படுத்துவிடும். உடனே, ஃப்ரீசரைக் காக்க மாட்டியிருந்த ஸ்டெபிலைசர் அதை அணைத்துவிடும். தண்ணீர் நின்று மோட்டாரை நிறுத்தியதும் ஃப்ரீசர் நல்ல பிள்ளையாக மறுபடி ஓடும்.

"அத்தா, பாலு இல்ல. ஒங்க மோட்டாரு!"

"சரிடா, ஊரக் கூட்டாத" என்றார். அன்றே எலெக்ட்ரீஷியனை வரவழைத்து ஃப்ரீசரை வேறு பேஸுக்கு மாற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை வோல்டேஜ் கோடு லேசாக ஒரு நெளிவு நெளிந்து, நேராகப் போயிருந்தது. வெப்பக்கோடு அசையவே இல்லை. நண்பன் டப்பாவைத் திறந்தான். அத்தா முதல் கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். இரண்டாவது கரண்டி எடுத்தார்.

வாசலில் வண்டி நின்றது. வில்லாபுரத்துக்காரர் உள்ளே வந்து ஃப்ரீசரைத் தட்டிப் பார்த்தார்.

"விக்கல அண்ணே" என்றார் அத்தா. "உக்காருங்க. எம்மகன் போட்ட ஐஸு, சாப்ட்டுப் பாருங்க."