பொட்டு வைத்த பான்ஜோ

போன ஞாயிறு என் மருமகன், மெர்கோங்கில் இருக்கும் என் வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்தார். இருபது வருஷமாகக் கித்தார் வாசிக்கிற மனிதர். திடீரென்று நாலு தந்தி பான்ஜோ வாங்கியிருக்கிறார். டிக்ஸிலாந்து என்கிற பழைய அமெரிக்க ஜாஸ் வாசிக்கப் போகிறாராம்!

பெட்டியைத் திறந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"மாமா, இது பான்ஜோ லா!"

பான்ஜோதான். எனக்குத் தெரியாதா? அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த யுத்த காலம். கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்தேன். கல்யாண வீடுகளில் கித்தார் வாசிப்பேன் — அதுதான் வினையாக வந்தது. தோட்டத்துப் பொறுப்பில் இருந்த ஜப்பானியக் கேப்டனுக்குக் கிளாரினெட் பைத்தியம். எதிரி நாட்டுச் சங்கீதம் கூடாது என்று காலையில் ஆபீஸ் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார். சாயங்காலம், ஓடிப்போன வெள்ளைக்கார துரையின் பங்களாவில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, துரை விட்டுப்போன டிக்ஸிலாந்து இசைத்தட்டுகளைப் போட்டுக் கூடவே ஊதுவார்.

துரை ஒரு பான்ஜோவையும் விட்டுப் போயிருந்தார். கேப்டன் என்னைக் கூப்பிட்டு அதைக் கையில் திணித்தார். அரைகுறை மலாயில், கித்தார் உதவாது, பான்ஜோதான் வேண்டும், பத்து நாள் தவணை என்றார். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை: "சயாம்."

சயாமில் ரயில் பாதை போட எங்கள் லயத்து வீடுகளிலிருந்து ஆள் பிடித்துப் போய்க்கொண்டிருந்த நேரம். போனவர் ஒருவரும் திரும்பவில்லை. பயத்தில் எனக்கு மூன்று நாள் மரவள்ளிக்கிழங்குகூட இறங்கவில்லை.

பான்ஜோவுக்கென்று தனிச் சுருதி உண்டாம். யார் கண்டது? நாலு தந்தியையும் கித்தாரின் மெல்லிய நாலு தந்திகளின் சுருதிக்குத் திருகிவிட்டேன். விரல்கள் பழைய இடத்திலேயே விழுந்தன. சிக்கல் பான்ஜோவின் முகத்தில் இழுத்துக் கட்டிய தோலில்தான். மழை ஈரத்தில் தொய்ந்துபோய், நனைந்த சாக்கைத் தட்டுகிற மாதிரி சத்தம்.

தோல் என்றால் கருப்பையா அண்ணன்தான். தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி, உறுமிக்காரரும் அவரே. தாளத்துக்கு ஆள் வேண்டும் என்று கேப்டன் அவரையும் பிடித்துப் போட்டிருந்தார். அண்ணன் பான்ஜோவை நெருப்பில் காட்டி விறைப்பாக்கினார். பிறகு வெள்ளைத் தோலில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமப் பொட்டு!

"அண்ணே, இது வெள்ளக்காரன் சாமானுண்ணே!"

"இருந்துட்டுப் போவட்டும் தம்பி. தோலு கட்டுனது எதுவானாலும், பொட்டு வைக்காம அதோட சேந்து நான் அடிக்க மாட்டேன்."

பத்தாம் நாள் சாயங்காலம். கேப்டன் ஊத, நான் மீட்ட, அண்ணன் உறுமியை இழுக்க... டிக்ஸிலாந்தில் ஒரு வசதி — ஆளுக்கொரு பக்கம் போனாலும் அதற்குப் பெயர் ஜாஸ். கேப்டன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

கதவு திறந்தது. அலோர் ஸ்டாரிலிருந்து சொல்லாமல் வந்த மேலதிகாரி! கேப்டன் வாயில் கிளாரினெட்டோடு அப்படியே நின்றார். எதிரி சங்கீதம்... அவருக்கே தலை போகும் என்றால் எங்கள் கதி?

வந்தவரின் கண் பான்ஜோவின் பொட்டில் நின்றது. இது என்ன என்று மலாயில் கேட்டார்.

"சாமி, துவான்," என்றேன் பணிந்து. வேறென்ன சொல்ல? "பூசை நடக்குது."

கேப்டன் சட்டென்று இடுப்பை வளைத்துப் பான்ஜோவை வணங்கினார்! மேலதிகாரி நம்பவில்லை. நடத்திக் காட்டச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்ததே ஒரு பாட்டு. அதையே உயிர் போகிற வேகத்தில் வாசித்தேன். நாலாவது சுற்றில் கருப்பையா அண்ணன் நாக்கைத் துருத்தினார். "ஆய்!" என்று துரையின் சாப்பாட்டு மேசையில் ஏறினார். சாமி வந்துவிட்டது.

மேலதிகாரி தொப்பியைக் கழற்றினார். தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டார் — தான் எப்போது வீடு திரும்ப முடியும் என்று. நான் அண்ணனுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னேன்.

"போவடா... ஒங்காத்தா வாசல்ல நிக்கிறாடா!" என்று அவர் நெற்றியில் விபூதியை அப்பினார் அண்ணன்.

நான் அதை மலாயில் சொன்னதும் அந்த மனிதர் அழுதார். சத்தியமாக. எனக்குப் பாவமாக இருந்தது. பாவப்பட்டதற்காக என்மேலேயே கோபமும் வந்தது.

மறுநாள் உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பூசை கட்டாயம். பூசைக்காரர்களைச் சயாமுக்கு அனுப்பக்கூடாது. சண்டை முடியும்வரை, தடை செய்த சங்கீதத்தைத் தடை செய்தவர்களின் உத்தரவுப்படியே வாசித்தோம். லயத்தில் மற்ற ஆண்களுக்கு இப்படி ஒரு பொட்டு வாய்க்கவில்லை.

மேலதிகாரி வந்த அன்று ராத்திரி, பங்களாவிலிருந்து திரும்பும்போது அண்ணனிடம், "பிரமாதமா நடிச்சீங்கண்ணே!" என்றேன்.

அண்ணன் நின்று என்னைப் பார்த்தார். "யாரு நடிச்சா?"

மருமகனின் பான்ஜோவில் இப்போது பொட்டு இருக்கிறது. டிக்ஸிலாந்து வாசிக்கிறவர்கள் கவனிக்க — நாலாவது சுற்றுக்கு முன் சாப்பாட்டு மேசையை நகர்த்திவிடுங்கள்.