அக்காவை அழைக்கப் போன கீழக்கரை

கோரிப்பாளையத்தில் இன்று மண்ணெண்ணெய் ரேஷனுக்கு வரிசையில் நின்றபோது, பக்கத்துக் கடையில் கருவாட்டு மூட்டையை அவிழ்த்தார்கள். அந்த வாடை என்னைக் கீழக்கரைக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. ஏழு மாதக் கர்ப்பிணியான அக்காவைப் பிரசவத்துக்கு அழைத்துவர அத்தாவுடன் போயிருந்தேன். மீன் பிடிக்கப் போன மச்சானின் படகு இரண்டு நாளாகத் திரும்பவில்லை. வலைகள் காயும் மணலில் அக்கா ஓயாமல் நடந்துகொண்டிருந்தாள். நானும் அவள் பின்னாலேயே நடந்தேன்.

“வண்டி நிக்குதும்மா, வா,” என்றார் அத்தா.

“அவுக முகத்தப் பாக்காம நான் வரமாட்டேன் அத்தா.”

மூன்றாம் நாள் காலை, கிழிந்த பாயோடு படகு வந்தது. மச்சான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சிரித்தார். அக்கா அவரை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். உடனே போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் வாய்விட்டு அழுதாள். அத்தா வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.