சந்தனம் போதாத ஆறாவது சிப்

இந்த ஊரில் வெயில் அடித்தால் விசேஷம். வட ஜெர்மனியில் நீண்ட குளிர் முடிந்து ஒரு நாள் மேகம் விலகும். உடனே எங்கள் குடியிருப்பில் ஜன்னல்கள் படபடவென்று திறக்கும், பால்கனிக்கு நாற்காலிகள் வரும். எல்லோரும் முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் ஒருவன்தான் ஓடிப்போய்த் திரையை இழுத்து மூடுவேன். எதிர்வீட்டு அம்மா, ஃப்ராவ் ஹெல்கா, ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார், "உங்கள் மதத்தில் வெயில் ஆகாதா?" "மதம் இல்லை, வேலை," என்றேன். எனக்கு இரவு வேலை, பகலில் தூங்குகிறேன் என்று புரிந்துகொண்டார். அன்றிலிருந்து மாடிப்படியில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போகிறார். விளக்கிச் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை. தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்.

பழைய வீடியோ கேம் இயந்திரங்களைச் சேர்த்து வைக்கும் பைத்தியங்கள் இங்கே நிறைய. அந்த விளையாட்டுகள் சின்னச் சின்ன சிப்களில் பதிந்திருக்கின்றன. வயதாக ஆக சிப்களுக்கு மறதி வருகிறது. முழுக்க மறப்பதற்குள் நான் அவற்றைப் படித்து நகல் எடுத்துத் தருகிறேன். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் வழியாகப் புற ஊதா ஒளி புகுந்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். அதனால்தான் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒரே நாள் வெயிலில் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஸ்டிக்கர் உரிந்த சிப்பைப் பார்த்தால் இன்றும் ஓடிப்போய்த் திரையை மூடிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் அரியமங்கலத்தில், மில்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்யும் ஒரு பட்டறையில் இருந்தேன். சிப்களில் புரோகிராம் எழுதுவது என் வேலை. பழைய சிப்களை மறுபடி பயன்படுத்த அழித்துத் தருவது ஆரோக்கியசாமி அண்ணன் வேலை. ஸ்டிக்கரை உரித்து, ஒரு தகரப்பெட்டியின் இழுப்பறையில் அடுக்கி, சுவிட்சைப் போடுவார். உள்ளே புற ஊதா விளக்கு எரியும். இருபது நிமிடத்தில் எல்லாம் சுத்தம்.

ஒரு நாள் ஜமால் பாய் வந்தார். துபாயில் பல வருடம் உழைத்துவிட்டு, ஒரு வீடியோ கேம் இயந்திரத்தோடு ஊர் திரும்பி, ஸ்ரீரங்கத்தில் கடை போட்டிருந்தார். ராஜகோபுர வேலை நடந்துகொண்டிருந்த சமயம், கடைக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. இயந்திரத்தின் போர்டைத் துண்டில் சுற்றி, இரண்டு பஸ் மாறி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். "படம் அப்பப்ப குதிக்குது தம்பி. செஞ்ச கம்பெனியையே மூடிட்டானாம். இது நின்னுச்சுன்னா நான் மறுபடி துபாய்க்கு ஏறணும். நான் வந்தப்ப என் பொண்ணு, 'யாரும்மா இந்த மாமா'ன்னு கேட்டா. இப்பதான் 'அத்தா'ன்னு கூப்பிடுறா. பாத்து செஞ்சு குடுங்க."

நகல் எடுத்துவிட்டால் கவலையில்லை என்று தைரியம் சொன்னேன். ஆறு சிப்களையும் கழற்றி என் தட்டில் வைத்தேன். மறுநாள் ஆயுத பூஜை. முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று அசட்டையாக விட்டுவிட்டேன்.

ஆரோக்கியசாமி அண்ணன் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனால் ஆயுத பூஜை என்றால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஸ்பேனர் முதல் ஸ்டேப்ளர் வரை துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்துவிடுவார். கற்பூரம் காட்டியதும் எல்லா மெஷினையும் ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்துவது எங்கள் வழக்கம். லேத் ஓடியது, டிரில் ஓடியது, நிறுத்தினோம். தகரப்பெட்டியின் சுவிட்சையும் யாரோ போட்டார்கள். அது சத்தம் போடாத மெஷின், அதனால் நிறுத்த யாருக்கும் நினைவில்லை. சுண்டல் சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தபோதுதான் அதன் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். பக்கத்தில் என் தட்டு காலியாக இருந்தது.

"அண்ணே, இதுக்குள்ள என்ன வச்சீங்க?"

"தட்டுல இருந்த ஆறையும்தான், அழிக்க வேண்டிய பழசுன்னு நெனச்சேன். ஸ்டிக்கர உரிச்சு, துடைச்சு, பொட்டு வச்சு உள்ள வச்சேன். ஏன் தம்பி?"

சுவிட்சை அணைத்தேன். இழுப்பறையைத் திறக்கப் போனவனை முதலாளி தடுத்துவிட்டார். "பூஜையில வச்சத நாளைக்குக் காலைலதான் எடுக்கணும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க." ஊரான் சிப் உள்ளே இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் ஜமால் பாய் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். முதலாளி பொரி கொடுத்தார். "எல்லாம் பத்திரமா இருக்குல்ல தம்பி?" "இருக்கு பாய்," என்றேன். அந்தக் குழந்தை அத்தாவின் காதைப் பிடித்துக்கொண்டு பொரி தின்றது. பயத்தில் என்னால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விஜயதசமி காலையில் முதல் சிப்பைப் படித்தேன். உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. அண்ணன் வைத்த சந்தனம் கண்ணாடி ஜன்னலின்மேல் கெட்டியாகக் காய்ந்து ஒளியை மறைத்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஐந்து சிப்கள் பிழைத்தன. ஆறாவதுக்குக் கிண்ணத்தில் சந்தனம் தீர்ந்து, வெறும் குங்குமத்தைத் தொட்டு வைத்திருக்கிறார். அது உதிர்ந்துபோயிருந்தது. அந்த சிப்பில் ஒன்றுமே மிச்சமில்லை. விளையாட்டின் சத்தம் முழுவதும் அதில்தான் இருந்தது.

"ஆறாவது கழட்டும்போதே செத்துப்போயிருந்துச்சு பாய்," என்று பொய் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "படம் ஓடுதுல்ல, அது போதும்." புது நகல்களோடு இயந்திரம் ஊமையாக ஓடியது. ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஒருவன் ஆட, சுற்றி நின்றவர்கள் வாயாலேயே "டிஷ்யூம், டுஷ்" என்று சுட்டார்கள். ஜமால் பாய் துபாய்க்குப் போகவில்லை. இரண்டு வருடம் கழித்து நான்தான் வெளிநாட்டுக்குக் கிளம்பினேன். ஜங்ஷனுக்கு வழியனுப்ப வந்தவர், "நான் வந்துட்டேன், நீங்க போறீங்க," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன மாதம் ஒருவர் அதே இயந்திரத்தை என்னிடம் கொண்டுவந்தார். ஆறு சிப்களும் முழுசாக இருந்தன. ஆறாவதுக்கு இன்னொரு நகல் எடுத்து, ஜமால் பாய் விலாசம் எழுதிய கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அனுப்பினால் அந்த ஆயுத பூஜையையும் சொல்லியாக வேண்டும். கவர் இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது.

இயந்திரத்தைப் போட்டு அதன் நிஜச் சத்தத்தை முதல்முறையாகக் கேட்டேன். கீச்சுக் கீச்சென்று ஏதோ வந்தது. என் காதுக்கு அது தப்பாகவே பட்டது. திரையை மூடி, சத்தத்தைக் குறைத்துவிட்டு, மெதுவாக "டிஷ்யூம், டுஷ்" என்று நானே சொல்லிக்கொண்டு ஆடினேன். வெளியே நல்ல வெயில். மாடிப்படியில் செருப்பைக் கையில் பிடித்தபடி ஃப்ராவ் ஹெல்கா அதைக் கேட்டிருப்பார். தூக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்திருப்பார்.