கை அசைந்தால் வாய் திறக்கும்

தட்டை எடுக்கும்போது “டேக் அவே” என்கிறாள். உலர்ந்த துணியைக் கொடியிலிருந்து இறக்கும்போது “டேக் டவுன்”. குப்பைக் கூடையோடு வாசலுக்குப் போகையில் “டேக் அவுட்”. என் தங்கை வீட்டுச் சின்ன மருமகள் நாள் முழுக்க இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டு திரிகிறாள். நாங்கள் சின்னவள் என்போம்.

முதியோர் காப்பகத்தில் பணிப்பெண். படுக்கையோடு கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டிவிடும் வேலை. காப்பகம் இப்போது கைமாறிவிட்டது. புதிதாக வந்த மேலாளர் அம்மாளுக்கு இங்கிலீஷ் தவிர வேறு பேச்சு கிடையாது. திங்கட்கிழமை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பாராம். பதில் வராதவருக்கு வேலை போச்சு. இவள் புருஷனோ முதுகில் அடிபட்டு வீட்டோடு கிடக்கிறான். இவள் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது.

அந்த அம்மாள் வாயில் வருவதில் பாதி இந்த டேக்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சின்னவள் அதையே பிடித்துக்கொண்டாள். தூக்கத்திலும் அதுதான். சோறு இறங்குவதில்லை, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது.

என் தங்கை சும்மா இருப்பாளா? “நம்ம ஊட்டு ‘எடு’ மட்டும் லேசா? பொண்ணு எடுக்கறதும் எடுதான், வாந்தி எடுக்கறதும் எடுதான். உன்னை எடுத்தப்பவே எனக்கு அது புரிஞ்சுபோச்சு” என்றாள். சின்னவள் சிரிக்கவில்லை. சட்டென்று மாமியார் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, “டேக் ஓவர்” என்றாள். தங்கைக்கு முகம் கறுத்துவிட்டது.

அங்கேதான் சிக்கல். கை செய்தால்தான் அவளுக்குச் சொல் வரும். இது தகப்பன் வழி. அவள் அப்பா எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். போன் வந்தால் அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பேசுவார். அவர் தங்கச்சிமாரும் அப்படியே.

திங்கட்கிழமை துணைக்கு நான் போனேன். சலவைப் பகுதிக்காரி உள்ளே போய்விட்டு வெளியே வந்தாள். “கையை மடியிலயே வெச்சுக்கோக்கா. ஆட்டுனா அந்தம்மாவுக்குப் புடிக்கல. என்னை ரெண்டு தடவை நிறுத்திட்டாங்க” என்றாள் சின்னவளிடம். சின்னவள் என்னைப் பார்த்தாள். “பெரியத்தே, எனக்கு ஒண்ணுமே வராது” என்றாள். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

கண்ணாடிக் கதவு. சத்தம் கேட்கவில்லை, ஆள் தெரிந்தது. மேலாளர் ஏதோ கேட்டார். சின்னவள் கை மேலே எழுந்தது. மேலாளரின் பேனா நின்றது. பார்வை கைக்குப் போனது. கை மடியில் விழுந்தது. இடக்கை வலக்கையை இறுகப் பிடித்துக்கொண்டது. வாய் பூட்டிக்கொண்டது. மேலாளர் காத்திருந்தார், பிறகு கதவுப் பக்கம் பார்த்தார், அடுத்த ஆளைத் தேடுகிற மாதிரி.

அப்போது மேசைக்கு அடியில் சின்னவளின் குதிகால் மெல்ல உயர்ந்து, செருப்பைக் கழற்றித் தள்ளியது. உதடு பிரிந்தது.