சாரதாமணி விழுங்கிய சத்து மாத்திரை

சாரதாமணிக்கு முடிதான் ஆஸ்தி. கொண்டை போட்டால் கழுத்தே வலிக்கும், அத்தனை முடி. காதர்பேட்டைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில், தையல் மெஷினுக்கு அருகே உட்கார்ந்து துணியின் ஓரத்தை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை அவளுக்கு. அறுபத்தேழாம் வருஷம் ஆடி மாதம் ஆறு வயது மகள் வேலாத்தாளுக்கு டைபாய்டு கண்டது. பிள்ளை குச்சியாகிப் போனபோது, அந்த முடியைத்தான் பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள்.

"எம்புள்ளையப் பொழைக்க வெய்யி சாமி. பங்குனி உத்திரத்துக்கு முழு முடியும் எறக்கிப் போடறேன்."

பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஐப்பசியில் சாரதாமணிக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. வேறொருத்தியாக இருந்தால் எண்ணெயை மாற்றியிருப்பாள். இவளுக்கோ குலை நடுங்கியது. முழு முடி என்று வாக்குக் கொடுத்தாயிற்று. பாதி முடியோடு போய் நின்றால், கொடுத்த பிள்ளையைச் சாமி திரும்பக் கேட்டுவிட்டால்?

புருஷன் கந்தவேல் பனியன் பண்டலோடு பம்பாய்க்குப் போய்வருகிறவன். அங்கே ஒரு கடைக்காரர், முடிக்கு நல்லது என்று சொன்னாராம். பெரிய பாட்டில் நிறைய மாத்திரை வாங்கி வந்துவிட்டான். உள்ளே எண்ணெய் நிற்கிற, மஞ்சளான, வழவழப்பான உருண்டைகள். "தினம் ஒண்ணு போடு. மருந்தில்ல, சத்துத்தான்" என்றான்.

அந்த ஒரு வார்த்தை போதாதா நம் ஜனங்களுக்கு! மருந்து என்றால் பயந்து பயந்து விழுங்குவோம். சத்து என்றால் பருப்பும் நெய்யும் மாதிரி, கூடக்கூட நல்லது என்று நினைப்பு. சாரதாமணி ஒன்றை மூன்றாக்கினாள், தை பிறந்ததும் ஆறாக்கினாள். கந்தவேலும் சளைக்காமல் பாட்டில் பாட்டிலாக வாங்கி வந்தான்.

நேர்த்தி தீரும்வரை கவிச்சி தொடுவதில்லை என்று விரதம் வேறு. அவள் சமைக்கிற சட்டியை மற்றவர் தொடக்கூடாது. அப்படியும் ஏப்பம் விட்டால் மீன் நாற்றம் வந்தது. பக்கத்து வீட்டு மாரக்காளிடம் சண்டைக்குப் போனாள்.

"வெரதக்காரி ஊட்டுப் பக்கத்துல தெனம் மீன் வறுக்கறீங்களே, நாயமாங்க இது?"

"எங்க ஊட்டுல மீன் வாங்கி மாசமாச்சுங்க" என்றாள் அந்த அம்மாள், ஒன்றும் புரியாமல்.

மாசியில் தலை வகிடு அகன்று மண்டை தெரிந்தது. சாமியே முடியைப் பறிக்கிறார் என்று நினைத்தாள். ஒருநாள் கம்பெனியில் தலைவலி பொறுக்காமல் துணிக்குவியல் மேலேயே சாய்ந்துவிட்டாள். கூட வேலை செய்தவர்கள் டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனார்கள்.

பிள்ளையின் காய்ச்சலிலிருந்து மாத்திரை வரைக்கும் கேட்டுக்கொண்ட டாக்டரம்மா, பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். ஒரு மாத்திரையைக் கத்தரியால் வெட்டினார். அறை முழுக்க மீன் வாடை.

"சுறா ஈரல் எண்ணெய்ம்மா இது."

சாரதாமணி பாட்டிலைத் தள்ளி வைத்தாள். விரதத்தில், குளித்து விபூதி பூசி, நாள் தவறாமல் மீனையா விழுங்கினேன்? அதைத் தாங்குவதற்குள் அடுத்த இடி விழுந்தது.

"கொஞ்சமாச் சாப்பிட்டாச் சத்து. இப்படி அள்ளிப் போட்டா ஈரல் கெடும், எலும்பு நோவும், முடி கொத்துக் கொத்தாக் கொட்டும். மொதல்ல கொட்டுனது பிள்ளைக்காகத் தூக்கம் கெட்டதுனால. அது தானா நின்னிருக்கும்."

"அப்ப எம்முடிய எடுத்தது சாமி இல்லீங்களா?"

"இந்த மாத்திரைதான். வீட்டுல வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

காய்ச்சலில் இளைத்த உடம்பாயிற்றே என்று, தை மாதத்திலிருந்து வேலாத்தாளுக்கும் காலையில் ஒன்று கொடுத்துவந்தாள் சாரதாமணி. பிள்ளை துப்பும்போது மூக்கைப் பிடித்து விழுங்க வைத்ததும் அவள்தான். செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடி, மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா குழந்தையின் கையையும் காலையும் அழுத்திப் பார்த்தார். கால் எலும்பைத் தொட்டபோது பிள்ளை வீறிட்டது. நல்ல வேளை, சீக்கிரம் தெரிந்தது. நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்றார்.

பங்குனி உத்திரத்துக்கு, இருந்த முடியோடு பழனிக்குப் போனாள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு சந்நிதியில் நின்றாள். பாதி முடிக்கு மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தாள். அந்தப் பேச்சே வாயில் வரவில்லை.

"முருகா, நீ பொழைக்க வெச்ச புள்ளைக்கு, நானே என் கையால குடுத்தனே சாமி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.