அனுமார் கட்டிய மச்சகன்னி

பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றின் அஹுன்ட்சிக் பகுதியில், அக்கா செல்வமலர் வீட்டு நிலவறையில் ரவிச்சந்திரன் தனியாக இருந்தார். வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பது தொழில். ஆஞ்சநேயர்மேல் அளவுகடந்த பக்தி. சனிக்கிழமைகளில் மீனோ இறைச்சியோ, மச்சம் எதுவும் தொடமாட்டார். ஐம்பதை எட்டப்போகும் தம்பியிடம் அக்கா கலியாணப் பேச்செடுத்தால், "அனுமார் பிரமச்சாரி. அவற்ற அடியானும் அப்பிடித்தான்" என்று எழும்பிப் போய்விடுவார்.

போன வசந்தத்தில் அதே நகரின் லாசாலில் ஒரு தாய்லாந்து உணவகத்துக்குள் தண்ணீர் கசிந்து, சுவரில் வரைந்திருந்த ராமாயணக் காட்சி பாதி உரிந்துபோனது. பழைய படத்தைப் பார்த்து அதைச் சரிசெய்து தரும்படி உரிமையாளர் நொய் என்ற தாய்லாந்துப் பெண் கேட்டார். ராமாயணம் என்றதும் ரவி சந்தோசமாக ஒப்புக்கொண்டார். படத்தைப் பார்த்தபிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். வெள்ளைவெளேரென்று அனுமார். அவருடைய கை, மீன்வால் கொண்ட ஒரு பெண்ணின் இடுப்பில்.

"இந்தப் பெண் யார்?" என்று அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டார்.

"அனுமாரின் மனைவி," என்றார் நொய் அதே பிரெஞ்சில். "உங்கள் ஊரில் தெரியாதா?"

தேநீர் கொடுத்து இருத்திக் கதை சொன்னார். ராமரின் சேனை கடலில் போட்ட கற்கள் காணாமற் போயின. கள்ளனைப் பிடிக்க அனுமார் கடலுக்குள் குதித்தார். கல்லைக் களவெடுத்தது இராவணனின் மகளான மச்சகன்னி. பிடிக்கப் போனவர் மயங்கினார், அவளும் மயங்கினாள். கற்கள் திரும்பி வந்தன, பாலமும் எழுந்தது. பிள்ளைகூடப் பிறந்ததாம், மீன்வாலோடு ஒரு குரங்குக் குட்டி.

ரவி கொதித்துப்போய் வீட்டுக்கு வந்து அக்காவிடம் முறையிட்டார். செல்வமலருக்குச் சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது.

"நீ மச்சம் தொடமாட்டன் எண்டு நிக்கிறாய். அவர் மச்சத்தையே கட்டியிட்டார்! அதுவும் எங்கட ஊர் ராசா இராவணன்ர மேளை. எங்களுக்கு மாப்பிள்ளையெல்லோ அவர்!"

ரவி நிலவறைக்கு இறங்கிப் போய்விட்டார். அடுத்த கிழமை வேலைக்குத் திரும்பினார். வாலின் செதில்களுக்குப் பச்சை தீட்டும்போது அனுமாரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அதில் குற்ற உணர்வு துளியும் இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லத் துடிக்கிற முகம். ரவிக்குக் கௌரியின் நினைவு வந்தது. கௌரி கணவரை இழந்தவர், ஜான்-டலோன் சந்தையில் பழக்கடையில் நிற்பவர். மூலைக்கடையிலேயே கிடைக்கும் வாழைப்பழத்துக்காக ரவி கிழமைதோறும் மெட்ரோ ஏறி அவரிடம்தான் போவார்.

அந்தச் சனிக்கிழமையும் போனார்.

"என்ன அண்ணை, வாழைப்பழமோ?"

"ஓம். பேந்து... ஒரு விசயம். இனி என்னை அண்ணை எண்டு கூப்பிடாதேங்கோ."

கௌரி பழத்தைத் தராசில் வைத்தபடி நின்றார். "அப்ப என்னெண்டு கூப்பிட?"

"ரவி எண்டு."

"இதைச் சொல்ல இவ்வளவு வருசமோ?" என்றார் கௌரி. கழுத்துவரை சிவந்தது ரவிதான்.

ஆவணியில் கலியாணம். நொய் பட்டுடுத்தி வந்து முன்வரிசையில் இருந்தார். இப்போது இருவரும் லாசாலில் குடியிருக்கிறார்கள். சமையல் குசினிச் சுவருக்கு ரவி தெரிந்தெடுத்த நிறங்கள் ஒன்றும் கௌரிக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் ரவி அடுத்த நிறத்தோடு ஏணியில்தான் நிற்கிறார்.