ரஸ்மியின் முந்நூறு லிட்டர் கடல்

அக்கபா துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர் ரஸ்மி. உச்சியில் உட்கார்ந்து கடலை அவ்வளவு பார்த்த மனுஷன், கணுக்காலுக்கு மேல் அதில் நனைந்ததே இல்லை. அப்படியொரு பயம்! வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு ஊரே கரையில் கோழி சுட்டுத் தின்னும்போது இவர் காருக்குக் காவல் இருப்பார். ஆனால் மீன் என்றால் உயிர். ஆசை யாரைத்தான் விட்டது?

ஓய்வு பெற்றதும் நாற்பது லிட்டர் தொட்டி வாங்கி, கடல் தண்ணீர் ஊற்றி, இரண்டு கோமாளி மீன் விட்டார். சின்னத் தொட்டி என்றால் மணிக்கட்டு நனைவதோடு வேலை முடிந்துவிடும் அல்லவா! ஆகஸ்ட் வெயிலில் நாலு நாள் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால், தண்ணீர் வற்றி, உப்பு ஏறி, இரண்டும் செத்து மிதந்தன. தேம்பித் தேம்பி அழுதார் பாவம். அக்கம்பக்கத்தார் துக்க வீட்டில் தரும் கசப்புக் காப்பி எங்கே என்று கேட்டுக் கேலி செய்தார்கள், படுபாவிகள்.

மீன் கடை ஜிரியஸ் கறாராகச் சொல்லிவிட்டான்.

"இனிமே சின்னத் தொட்டிக்கு மீன் தர மாட்டேன், மாமா. அதுல ரெண்டு குவளை தண்ணி வத்தினாலே உப்பு எகிறிடும். புதுசா வளர்க்கிறவங்களுக்குப் பெருசுதான் பத்திரம். முந்நூறு லிட்டர் எடுங்க."

"சுத்தம் பண்ணக் கை எதுவரைக்கும் போகணும்?"

"தோள் வரைக்கும்."

ரஸ்மி இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மனைவி இந்திசார் சிரித்தாள். "அந்தரத்துல தொங்கினப்ப வராத பயம், கண்ணாடிப் பெட்டியப் பார்த்து வருதாக்கும்! நானே கை விடறேன், வாங்குங்க."

"வேண்டாம்டி. என் பயத்தாலதானே அதுங்க செத்துச்சு. நானே பார்த்துக்கறேன்."

பெரிய தொட்டி வந்தது. தண்ணீர் பதமாக ஒரு மாதம் காத்திருந்து மீன் விட்டார். சுவரைத் துடைக்க மட்டும் நீளக் குச்சியில் துணி கட்டிச் சமாளித்தார்.

ஒருநாள் அடியில் கல் சரிந்து, மீன் ஒன்று மாட்டிக்கொண்டது. இந்திசார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடிவந்தாள். ரஸ்மி அவளை விலக்கினார். "பிஸ்மில்லா" என்று கண்ணை இறுக மூடி, கையை உள்ளே விட்டார். முழங்கை போயிற்று, தோள் போயிற்று, கன்னமும் நனைந்தது. கல்லைப் புரட்டினார். மீன் விருட்டென்று ஓடிற்று.

"மீன் தப்பிச்சுடுச்சுங்க. கையை எடுங்க."

அவர் எடுக்கவில்லை.

"இதமா இருக்குடி," என்றார் கண்ணைத் திறக்காமல். "இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லலியே."